ஒட்டிப் பிறந்தவர்களுக்கு எத்தனை அடையாள அட்டை?

உவர்மலை வாத்தி:

வணக்கம். நான் திருமலையில், அதாவது திருகோணமலையில், உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியல் (லொஜிக்) படிப்பிக்கிறவன். போன சனிக்கிழமை வகுப்பில் மாட்டுப்பட்டதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் நாலைந்து பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி நின்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அபி, பிரிட்டனி ஹென்சல் சகோதரிகள், அமெரிக்காவின் மினசோட்டாவில் 1990இல் பிறந்தவர்கள். கழுத்துக்குக் கீழே பார்த்தால் ஒரு பெண், இரண்டு கை, இரண்டு கால். கழுத்துக்கு மேலே இரண்டு தலை. உள்ளே இரண்டு இருதயம், இரண்டு முள்ளந்தண்டு. வலப்பக்கக் கையும் காலும் அபியின் சொல்லைக் கேட்கும், இடப்பக்கம் பிரிட்டனிக்கு. அப்படியிருந்தும் நடக்கிறார்கள், நீந்துகிறார்கள், ஆளுக்கொரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கார் ஓட்டுகிறார்கள். வெளியில் பார்க்கிறவருக்கு ஒரே ஆள் ஓட்டுவதுபோலத்தான் இருக்கும்.

ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், இவங்க நம்ம நாட்டில பிறந்திருந்தா எத்தனை அடையாள அட்டை?" நான் யோசிக்காமல் இரண்டு என்றேன். ஏன் என்றாள். இரண்டு தலை இருக்கே என்றேன். "அப்ப தலைதான் ஆளா சேர்?" ஓம் என்றேன். "அப்ப ஒரு தலையும் இரண்டு உடம்புமாப் பிறந்தா?" நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், இடைவேளை முடிந்துவிட்டது என்றேன். அப்படிப் பிறப்பதும் உண்டு என்று வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது, அத்தகைய குழந்தைகள் பொதுவாகப் பிழைப்பதில்லை. ஆனால் அவள் கேட்டது மருத்துவக் கேள்வி இல்லையே.

இரவெல்லாம் அதே யோசனை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் சொன்னது பலருக்குத் தெரியும்: ஓர் இளவரசனின் நினைவெல்லாம் ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போய்விட்டால், அந்த உடம்பில் இருப்பவன் இளவரசன்தான். ஆளை ஆளாக்குவது சதை இல்லை, உணர்வும் நினைவும். இதன்படி ஹென்சல் சகோதரிகள் இருவர், சந்தேகமே இல்லை. ஆனால் எரிக் ஓல்சன் போன்ற இக்காலத் தத்துவஞானிகள் வேறு கதை சொல்கிறார்கள். நாம் நினைவும் இல்லை, மூளையும் இல்லை, இந்த முழு உயிரினம்தான் நாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ளதுபோல என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் ஹென்சல் சகோதரிகள் எத்தனை உயிரினம்? இருதயம் இரண்டு, இரைப்பை இரண்டு, சிறுநீர்ப்பை ஒன்று. எந்த உறுப்பைப் பிடித்து எண்ணுவது?

நடைமுறையும் உதவவில்லை. அவர்களுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டு, இருவரும் தனித்தனியாகப் பரீட்சை எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனபோது, ஓர் ஆளின் வேலைக்கு ஒரு சம்பளம்தான் என்று அவர்களே பேட்டியில் சொன்னார்கள். வீதியில் இருவர், சம்பளப் பட்டியலில் ஒருவர்!

என் கேள்வி இதுதான். இத்தனை ஆட்கள் என்று எண்ணுவதற்கு அளவுகோல் எது? தயவுசெய்து "எல்லாம் ஆண்டவன் செயல்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள், அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை முன்வரிசையில் இருப்பாள்.

பிரசவ விடுதி:

சேர், நான் ஓய்வு பெற்ற தாதி. பிரசவ விடுதியிலேயே பாதி ஆயுள் போனது. ஒட்டிப் பிறந்த பிள்ளைகளை நான் கையில் எடுத்ததில்லை, அது 50,000 முதல் 200,000 பிறப்புக்கு ஒன்று என்று எங்களுக்குப் படிப்பித்த கணக்கு, அதிலும் பலர் உயிரோடு பிறப்பதில்லை. ஆனால் சாதாரண இரட்டைப் பிள்ளைகளைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பிறந்த கையோடு கையில் பட்டி கட்டுவோம், முதலாவது, இரண்டாவது என்று. தாய்மார் கொஞ்ச நாளைக்கு அந்தப் பட்டியைக் கழற்ற விடமாட்டார்கள், மாறிவிடுமாம். நாங்கள் சிரிப்போம். இப்போது உங்கள் கேள்வியைப் படித்தபிறகு சிரிப்பு வரவில்லை.

நீங்கள் பிறந்தபிறகு எண்ணப் பார்க்கிறீர்கள். நான் அதற்கு முன்னால் போகிறேன். ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர் ஒரு கருவிலிருந்து வருகிறவர்கள், அது முதல் சில நாட்களில் இரண்டாகப் பிரிந்தால் தனித்தனிப் பிள்ளைகள். பிரிவு தாமதமாகி ஏறக்குறைய பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு தொடங்கினால் முழுதாகப் பிரிய முடியாமல் ஒட்டிய பிள்ளைகள். பிரிந்தவை திரும்ப ஒட்டியிருக்கலாம் என்று சொல்லும் டொக்டர்மாரும் உண்டு, அந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எப்படியானாலும் ஐந்தாம் நாள் அங்கே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று யார்? பிறகு வந்த இருவரில் ஒருவரா? இல்லை, அது செத்து இரண்டு பிறந்ததா? சாகவில்லையே, ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லையே. பக்தியுள்ள ஆட்களோடு இதைக் கதைத்து வாங்கிக் கட்டியிருக்கிறேன், அது வேறு கதை.

எண்ணிக்கை தத்துவ விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் மான்செஸ்டரில் ஒட்டிப் பிறந்த இரு பெண் பிள்ளைகள். நீதிமன்றம் அவர்களுக்கு வைத்த மாற்றுப் பெயர்கள் ஜோடி, மேரி. மேரியின் இருதயமும் நுரையீரலும் வேலை செய்யவில்லை, ஜோடியின் இருதயம்தான் இருவருக்கும் இரத்தம் அடித்தது. அப்படியே விட்டால் சில மாதங்களில் இருவரும் போய்விடுவார்கள், பிரித்தால் ஜோடி பிழைப்பாள், மேரி மேசையிலேயே இறப்பாள். பெற்றோர் மால்டாவின் கோசோத் தீவுக் கத்தோலிக்கர், பிரிக்க வேண்டாம் என்றார்கள். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது.

நீதிபதிகள் அங்கே ஓர் ஆள்தான் என்று சொல்லியிருந்தால் வழக்கே இல்லை, தேவையில்லாத ஒரு பாகத்தை வெட்டி எறிவதுபோல, கட்டி எடுப்பதுபோல ஒப்பரேஷன் செய்திருக்கலாம். அந்தச் சுலபமான வழியை அவர்கள் எடுக்கவில்லை. மேரியும் ஓர் ஆள், உயிருள்ளவள், அவளைக் கொல்வதாகத்தான் இது முடியும் என்று ஒப்புக்கொண்டுதான் அனுமதி கொடுத்தார்கள். அந்த நவம்பரில் ஏறத்தாழ 20 மணித்தியாலம் ஒப்பரேஷன். மேரி இறந்தாள், ஜோடி பிழைத்தாள்.

சொந்தமாக மூச்சுக்கூட விட முடியாத பிள்ளையை ஏன் அவர்கள் ஆளாக எண்ணினார்கள்? நினைவு என்று பார்த்தால் அவளுக்கு என்ன நினைவு இருந்திருக்கும், மூளையே சரியாக வளரவில்லை என்று சொன்னார்கள். உங்கள் லொக்கிடம் கேட்டுச் சொல்லுங்கள் சேர்.

காளிகோயிலடி:

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். வாத்தியாருக்கு என் பங்கு. இலண்டனுக்குப் போகமுன் உள்ளூரில் ஒருதரம் விசாரித்திருக்கலாமே தம்பி.

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் முழுக்க உங்கள் கேள்விதான். உடம்புக்கு வேறாக ஆன்மா உண்டு என்பதற்கு அதை எழுதிய மெய்கண்டார் அடுக்கும் காரணங்களில் ஒன்று, "எனதுடல் என்றலின்". என் வீடு என்று சொல்கிறவன் வீடு இல்லை, என் உடம்பு என்று சொல்கிறவனும் உடம்பு இல்லை. சின்ன வயதில் கோயில் மண்டபத்தில் இதைக் கேட்டபோது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது உங்கள் ஹென்சல் பிள்ளைகளை வைத்துப் பாருங்கள், ஓர் உடம்பைப் பார்த்து இரண்டு வாய் "எனது" என்கிறது. உடம்பை எண்ணாதே, எனது என்று சொல்கிறவரை எண்ணு என்றுதான் அந்தச் சூத்திரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சித்தாந்தத்தில் உயிர்கள் பல. ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் வினைக்கு ஏற்பத் தனு, கரணம், புவனம், போகம் என்று நாலும் கிடைக்கும், உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம். நாம் எல்லோரும் ஒரே புவனத்தில் குடியிருக்கிறோம், அதற்காக எல்லோரும் ஒருவர் என்று யாரும் சொல்வதில்லை. புவனத்தைப் பங்கு போடலாம் என்றால் தனுவை ஏன் பங்கு போடக்கூடாது? பங்கு போட முடியாதது அந்தக்கரணம் என்பேன், மனம், புத்தி, அகங்காரம், சித்தம். இது என் வாசிப்பு, ஆதீனத்துக்காரர் அடிக்க வந்தால் நான் ஊரில் இல்லை.

கன்னியாச் சுடுதண்ணிக் கிணறுகளுக்குப் போகாத திருமலைக்காரர் இல்லை. ஏழு கிணறும் நாலெட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை, சின்னப் பிள்ளைகள் வாளியோடு ஓடி ஓடி எது கூடச் சுடும் என்று பார்ப்பார்கள். கீழே ஊற்று ஒன்றா ஏழா என்று தோண்டிப் பார்த்துவிட்டா ஏழு கிணறு என்கிறோம்?

இன்னொன்று, தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. அபி தங்கையைப் பார்த்துச் சொன்னால் "நம் கால்". எங்களைப் பார்த்துச் சொன்னால் "எங்கள் கால்". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரு சொல்தான், பாவம், அங்கே தத்துவக்காரர்களுக்கு வேலை கூடியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

கிண்ணியாப் பாலம்:

ஐயா, கன்னியா உதாரணம் வடிவு, ஆனால் அந்தக் கிணறுகளை ஏழாக்கியது யாரோ கட்டிய சுவர். சுவரை எடுத்துவிட்டால் ஒரே சுடுதண்ணிக் குட்டை. ஆட்களும் அப்படித்தான் என்று சொல்ல வருகிறீர்களா? சொன்னால் உங்கள் சூத்திரம் ஆட்டம் காணும்.

சேர், இந்த எண்ணிக்கைப் பிரச்சினை பழையது. எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள், நாலாம் கலீபா அலி அவர்களின் தீர்ப்பாக வழிவழியாக வருவது. இரண்டு தலையோடு பிறந்த ஒருவருக்கு வாரிசுச் சொத்தில் ஒரு பங்கா, இரண்டு பங்கா என்று கேட்டார்களாம். தூங்கவிட்டு ஒருவரை எழுப்புங்கள், இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினால் ஒரு பங்கு, ஒருவர் எழும்ப மற்றவர் தூங்கினால் இரண்டு பங்கு. யூதர்களிடம் இதே மாதிரிக் கதை சுலைமான் நபியின், அதாவது சாலமோன் மன்னரின், பெயரில் இருக்கிறது. அதில் ஒரு தலையில் சுடுதண்ணி ஊற்றுகிறார்கள், மற்றத் தலை கத்தினால் ஆள் ஒன்று. எனக்கு எங்கள் கதைதான் பிடிக்கும், யாரையும் சுடவில்லை.

இரண்டு கதையும் கேட்பது ஒன்றே, ஒருவருக்கு நடப்பது மற்றவருக்கும் நடக்கிறதா? ஹென்சல் சகோதரிகள் இந்தச் சோதனையில் சுலபமாக இருவராக வந்துவிடுவார்கள். சேர், நீங்கள் தவறான ஆட்களை வைத்து மண்டையை உடைக்கிறீர்கள். கனடாவின் கிரிஸ்டா, டட்டியானா ஹோகன் சகோதரிகளைப் பாருங்கள், 2006இல் வன்கூவரில் பிறந்தவர்கள். தலை ஒட்டியவர்கள். அது மட்டுமில்லை, மூளைக்குள்ளேயே ஒரு பாலம். தலாமஸ் என்ற பகுதி, கண், காது, தோல் எல்லாவற்றிலிருந்தும் வரும் செய்தி மூளைக்குள் பிரிந்துபோகும் சந்தி மாதிரி. அந்தச் சந்தி இருவருக்கும் தொடுப்பாக இருக்கிறது. ஒருத்தியின் வாயில் சூப்பி வைத்தால் மற்றவள் அழுகையை நிறுத்தினாள். ஒருத்தியின் கண்ணைப் பொத்திவிட்டு மற்றவளுக்குப் பொம்மையைக் காட்டினால் கண் பொத்தியவள் என்னவென்று சொல்கிறாள். சுடுதண்ணிச் சோதனையில் இவர்கள் ஒருவர்!

ஆனால் தக்காளிச் சோஸ் கதை ஒன்று இருக்கிறது. கிரிஸ்டாவுக்குச் சோஸ் பிடிக்கும், டட்டியானாவுக்கு அறவே பிடிக்காது. கிரிஸ்டா சோஸ் சாப்பிட்டபோது, வாயில் ஒன்றுமே இல்லாத டட்டியானா தன் நாக்கை வழித்தெறியப் பார்த்தாளாம். இதைப் படித்துவிட்டு நான் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு யோசித்தேன். ருசி ஒன்று. அது இரண்டு இடத்துக்கும் போகிறது. போன இடத்தில் ஒருத்திக்கு ஆசை, ஒருத்திக்கு அருவருப்பு. அப்படியென்றால் ஆள் எங்கே தொடங்குகிறது? நாக்கில் இல்லை, ருசி தெரிவதிலும் இல்லை, "சீ" என்று சொல்வதில். சுலைமான் நபி கதையில் அந்த இரண்டாவது தலை கத்தியது சரி, என்ன சொல்லிக் கத்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை பாருங்கள்.

ஐயாவின் நாம், நாங்கள் கதைக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அவர்களோடு சில நாள் இருந்து எழுதிய பத்திரிகையாளர், இருவரும் "நாங்கள்" என்று சொல்லித் தான் கேட்கவேயில்லை என்கிறார். ஆளுக்கொரு தாள் கையில் இருக்க, "என்னிடம் இரண்டு தாள் இருக்கு" என்றாள் ஒருத்தி. நாங்கள் என்பதற்கு ஓர் இடைவெளி வேண்டும்போல.

பஸ்ஸில் அவர்களுக்கு எத்தனை ரிக்கெட் என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கள் ரூட்டில் பிள்ளையை மடியில் வைத்தாலும் அரை ரிக்கெட் எழுதும் கொண்டக்டர்மார் இருக்கிறார்கள்.

உவர்மலை வாத்தி:

கிண்ணியா நானா, அந்தச் சோஸ் கதைக்கு ஆயிரம் நன்றி. ஆனால் ஒரு குறுக்குக் கேள்வி. காலையில் எனக்குப் பிடித்தது மாலையில் எனக்கே பிடிக்காமல் போகும், அதற்காக நான் இருவர் இல்லையே. ஒரே நேரத்தில் ஆசையும் அருவருப்பும் வருவதும் உண்டு, கருவாட்டுக் கடையைக் கடந்து போகும்போது எனக்கு அப்படித்தான். "சீ" என்பதையும் "இன்னும் தா" என்பதையும் ஒரே வாய் சொன்னால் ஆள் ஒன்று, இரண்டு வாய் சொன்னால் ஆள் இரண்டு என்றால் திரும்பத் தலையை எண்ணுவதற்கே வந்துவிட்டோமே.

கிண்ணியாப் பாலம்:

வாயை எண்ணச் சொல்லவில்லை சேர். உங்களுக்குக் கருவாட்டில் ஆசையும் அருவருப்பும் வந்தால் அந்த இரண்டும் உங்களுக்குள் அடிபட்டு ஒரு முடிவுக்கு வரும், ஒன்றில் வாங்குவீர்கள், இல்லாவிட்டால் நடப்பீர்கள். கிரிஸ்டாவின் ஆசை டட்டியானாவின் அருவருப்போடு அப்படிக் கலந்து ஒன்றாகவில்லை. டட்டியானா அவளைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனக்குத்தானே முடிவெடுப்பதற்கும் மற்றவரைச் சம்மதிக்க வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஈரானின் லடான், லாலே பிஜானி சகோதரிகள் நினைவிருக்கா? தலை ஒட்டியவர்கள், இருவரும் சட்டம் படித்தார்கள், படிக்கும்போது ஒருவரை ஒருவர் விட்டு எங்கே போவது. லடானுக்குச் சட்டத்தரணியாக ஆசை, லாலேக்குப் பத்திரிகையாளராக ஆசை. 29 வயதில், செத்தாலும் பரவாயில்லை என்று சிங்கப்பூருக்குப் போனார்கள். மூளை இரண்டும் தனி, ஆனால் இரத்தம் வடியும் பெரிய நாளம் ஒன்று. இரண்டு நாளுக்கு மேல் ஒப்பரேஷன் நடந்தது. 2003 ஜூலை 8ஆம் திகதி இருவரும் ஒன்றரை மணித்தியால இடைவெளிக்குள் இறந்தார்கள். அந்த ஒப்பரேஷனுக்கு இருவரும் சம்மதம் கொடுத்தார்கள். ஒருவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எந்த டொக்டர் கத்தியை எடுத்திருப்பார்? அவர்கள் இருவர் என்பதற்கு எனக்கு அது போதும்.

பிரசவ விடுதி:

நானா, அது வளர்ந்தவர்களுக்குச் சரி. மேரிக்கு மூன்று மாதம். அவளிடம் யாரும் கேட்கவும் முடியாது, அவள் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. உங்கள் அளவுகோலில் அவள் எங்கே நிற்கிறாள்?

கிண்ணியாப் பாலம்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா.

சும்மா வாசிக்கிறவன்:

எல்லோரும் கோபிக்கக்கூடாது. இவ்வளவையும் வாசித்துவிட்டு எனக்கு ஒரே ஓர் எரிச்சல், இவர்களை நாம் பரிசோதனைக்கூடத் தவளைபோலப் பார்க்கிறோம். "சியாமிய இரட்டையர்" என்ற பெயரே காட்சிக்கூடத்தில் பிறந்ததுதான். சாங், எங் என்ற அந்தச் சகோதரர்கள் 1811இல் சியாமில் பிறந்தவர்கள், நெஞ்சடியில் ஒரு தசைப்பட்டியால் ஒட்டியிருந்தார்கள், ஈரல் தொடுப்பு. பதினேழு பதினெட்டு வயதில் கப்பலேற்றிக்கொண்டுபோய் ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார்கள். பிறகு அவர்களே தங்கள் காட்சியைத் தாங்களே நடத்தி, காசு சேர்த்து, வட கரோலினாவில் காணி வாங்கிக் குடியேறினார்கள். அடிமைகளையும் வாங்கினார்கள். காட்சிப்பொருளாக இருந்தவன் காசு வந்ததும் இன்னொருவனை விலைக்கு வாங்குகிறான், அந்த இடத்தில் எனக்கு அவர்கள்மேல் இருந்த இரக்கம் பாதி போய்விட்டது.

ஆனால் எண்ணிக்கைக் கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி உங்கள் எல்லோருடைய வழியைவிட நல்லது. 1843இல் இரண்டு சகோதரிகளைக் கட்டினார்கள், இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து 21 பிள்ளைகள். கொஞ்சக் காலத்தில் பெண்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, வீடு இரண்டானது. மூன்று நாள் சாங் வீடு, மூன்று நாள் எங் வீடு. சாங் வீட்டில் சாங் சொல்வதுதான் சட்டம், எங் வாயைத் திறக்கக்கூடாது. எங் வீட்டில் மறுவளம். சாங் குடிகாரன், எங் தொடமாட்டான். 1874 ஜனவரியில் ஒரு நாள் விடியப்புறம் எங் கண் விழித்தபோது சாங் இறந்து கிடந்தான். எங் அதன்பிறகு சில மணித்தியாலம்தான்.

அந்தச் சில மணித்தியாலத்தைப் பற்றி எழுதுங்கள் பார்ப்போம், தலாமஸை விட்டுவிட்டு.

காளிகோயிலடி:

எரிச்சல் நியாயம் தம்பி. ஆனால் வாத்தியாரின் மாணவி கேட்டது காட்சி பார்க்கிறவளின் கேள்வி இல்லை. அடையாள அட்டை எத்தனை என்று கேட்டாள். இந்த மாகாணத்தில் யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் வீதியில் இறங்கி ஒரு சோதனைச்சாவடி தாண்டிய தலைமுறைக்கு அது என்ன கேள்வி என்று தெரியும். ஒருவரிடம் அட்டை இருந்து பக்கத்தில் நிற்பவரிடம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்றும் தெரியும். அது அவளுக்கு வீட்டில் கேட்ட கதையாக இருக்கும். ஆள் என்பதற்கு இங்கே நாங்கள் பழகிய அளவுகோல் கன காலமாக அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான்.

அது கிடக்கட்டும், அம்ரித்சரில் வளர்ந்த சோனா, மோனா என்று இரு பொடியன்மார், 2003இல் பிறந்தவர்கள். இடுப்புக்குக் கீழே ஒன்று, மேலே இருவர். பெற்றவர்கள் கைவிட்டு, பிங்கல்வாரா என்ற இல்லம் வளர்த்தது. 2021 கடைசியில் மாநில மின்சாரக் கூட்டுத்தாபனத்தில் வேலை கிடைத்தது, நியமனம் சோனாவுக்கு, மோனா கூடவே. இங்கேயும் சம்பளத்தில் ஒருவர்தான்! ஆனால் 2022 பெப்ரவரியில் பஞ்சாப் தேர்தலில் இருவருக்கும் தனித்தனி வாக்காளர் அட்டை, தனித்தனி வாக்கு. ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக்கூடாதே, அது இரகசிய வாக்கெடுப்பு. அதற்காக அதிகாரிகள் கண்ணில் போடும் கண்ணாடி கொடுத்து மறைத்தார்களாம். ஒரே இடுப்பில் நிற்கும் அண்ணனிடமிருந்து தம்பிக்கு இரகசியம் காக்க ஓர் அரசாங்கம் கண்ணாடி தேடியிருக்கிறது. நான் சொன்ன அந்தக்கரணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த உரையிலும் கிடைக்காது.

உவர்மலை வாத்தி:

இன்று வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோஸ் கதைக்குச் சிரித்தார்கள். மேரி கதைக்கு ஒரு சத்தம் இல்லை, பின்வரிசையில் வழமையாகக் கதைத்துக்கொண்டே இருக்கிற இருவர்கூட. தாதி அக்காவின் கேள்வியைப் பலகையில் எழுதினேன். ஒரு பொடியன், "சேர், மேரி முடிவெடுக்க ஏலாதுதான். ஆனா அவளுக்காக யாரோ முடிவெடுக்க வேண்டி வந்ததே, கட்டிக்காக ஒருத்தரும் முடிவெடுக்கிறதில்ல" என்றான். சரியான பதிலா என்று தெரியவில்லை, அக்கா நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது நானாவின் அளவுகோலைக் கொஞ்சம் அகலமாக்கியதுபோலப் பட்டது.

கேள்வி கேட்ட பிள்ளை கடைசிவரை வாயே திறக்கவில்லை. போகும்போதுதான் வந்தாள். அவளுடைய மாமா ஸ்டூடியோ வைத்திருக்கிறாராம், அடையாள அட்டைப் படம் எடுக்கிறவர். போன கிழமையே அவரிடம் கேட்டுவிட்டாளாம். தலை ஒட்டினவர்கள் வந்தால் ஒருவரின் படத்தில் மற்றவரின் காது வரும், அட்டைக்காரர் திருப்பி அனுப்புவார்கள், அதுதான் அவர் கவலை. எத்தனை ஆள் என்று அவர் யோசிக்கவே இல்லை என்றாள்.

"காசு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரின் காசு சேர்."

கிண்ணியாப் பாலம்:

எங்கள் கொண்டக்டரும் அந்த மாமாவும் சொந்தக்காரராக இருப்பார்கள்.

பிரசவ விடுதி:

அந்தப் பொடியனை எனக்குப் பிடித்திருக்கு. மற்றதை யோசித்துவிட்டு இரவு எழுதுகிறேன், இப்போது பேரப்பிள்ளைகள் இரண்டும் ஒரு போனுக்கு அடிபடுகிறார்கள்.